மூடியைத் தளர்த்தி வை

மகளே டெனிஸ்,

பன்றிக்கறிக் குழம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. கண் டாக்டரைப் பார்த்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் வந்துவிடுவேன்.

மேசைமேல் இருக்கும் டப்பாவில் கஞ்சா மிட்டாய். இங்கே கொலராடோவில் இது குற்றமில்லை, அடையாள அட்டை காட்டித்தான் வாங்கினேன். நீ வயிற்றில் இருந்தபோது நானும் அப்பாவும் விட்ட பழக்கம். நாற்பத்தெட்டு வருடம் கழித்து மூட்டுவலிக்காகத் தொட்டிருக்கிறேன். குழந்தைகள் திறக்க முடியாத மூடியாம், என் விரல்களுக்கும் முடியவில்லை. அழுத்தித் திருகித் தளர்த்தி வை.

உயிரோடிருந்த கடைசி மாதம் அப்பாவும் இப்படியொரு டப்பாவை உன்னிடம் நீட்டினார்.

"திறந்து குடு கண்ணு, எலும்பெல்லாம் குடையுது."

"இந்த வயசுல போதை கேக்குதாப்பா? பழகிடும்."

"சாகப்போறவனுக்கு இனிமே என்னடி பழகப்போகுது?" என்று சிரித்தார்.

நீ அதைத் திறக்காமலே அலமாரியின் மேல்தட்டில் வைத்தாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு என்னையும் மன்னிக்க முடியவில்லை.

அம்மா

குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். ரொட்டியோடு சாப்பிடு.

இன்னொன்று: திறக்க மனமில்லையென்றால் விட்டுவிடு. பக்கத்து வீட்டு லொரேட்டாவிடம் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அந்த வீடு வரை நடக்க முடிகிறது. அப்பாவுக்கு முடியவில்லை.