மதிலடித் தவளைகள்

ஜூலை 12, 1979. வியாழன்.

ஜாதவ்பூர் குளத்தில் தண்ணீர் சுத்தமாகவே இருக்கிறது. ஆனாலும் என் ஆராய்ச்சிக்காக எண்ணிப் பார்த்தால், இந்த மழைக்குத் தவளைகள் அதிகம் வரவில்லை. "உன் எண்ணிக்கையிலதான் தப்பு. அந்தக் குளத்தை ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடு" என்று பேராசிரியர் போன வாரம் சொல்லிவிட்டார்.

இன்று காலை மழை விட்டதும் குளத்தைச் சுற்றி நடந்தேன். குளத்துக்கும் வயலுக்கும் நடுவே புது வீடு ஒன்றின் நீண்ட மதில். வயல் பக்கம் போய்ப் பார்த்தேன். மதிலடி முழுக்கத் தவளைகள். கோடையை வயலில் கழித்தவை, முட்டையிடக் குளத்துக்குப் போக வழியில்லாமல் சுவரில் மோதி விழுந்துகொண்டிருந்தன. சிலவற்றைக் காக்கை கொத்தியிருந்தது.

அடியில் சில செங்கற்களை எடுத்து வழிவிடும்படி வீட்டுக்கார அம்மாவைக் கேட்டேன்; வங்காளத்தில் வயதான பெண்களை 'மாஷிமா', அதாவது சித்தி, என்றுதான் அழைப்பார்கள்.

"ஓட்டை வெச்சா பாம்பு வராதா?"

"தவளையைத் தேடித்தானே பாம்பு வரும், மாஷிமா? அதெல்லாம் இப்ப உங்க சுவரடியிலதான் கூடிக் கிடக்கு."

அவர் மதிலடிக்கு வந்து எட்டிப் பார்த்தார். "ரெண்டு செங்கல். அதுக்கு மேல கேக்காதே" என்றார்.

நாளை பேராசிரியரிடம் சொல்லிவிடுவேன்: குளத்தை எடுக்க மாட்டேன். குளத்தை மட்டும் பார்த்ததுதான் என் தப்பு. இனிச் சுற்றியுள்ள நிலத்தையும் அளக்க வேண்டும். இன்னொரு வருஷம் ஆகும். ஆகட்டும்.