பக்க எண் இல்லாத தாள்கள்

அண்ணி, உங்கள் தாள்களைக் கையில் எடுத்தாலே நெல்லுச் சுணை வாசம் வருகிறது. தும்மலும் வருகிறது. தப்பு என்னுடையதுதான்.

ஐப்பசி மழையில் மாடி அறை ஒழுகி, ஓர் இங்கிலீஷ் எழுத்தாளர் அம்மாவின் வாழ்க்கையை நீங்கள் பதினோரு வருஷமாக எழுதிய கட்டு முழுக்க நனைந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. பதறிப்போய் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். வெயில் வந்ததும் களத்தில் தார்ப்பாய் விரித்து, நெல்லைப் போலப் பரப்பி, பறக்காமலிருக்கக் கொசுவலையைப் போர்த்தி, புரட்டிப் புரட்டிக் காயவைத்தேன். சாயங்காலம் கூட்டி அள்ளினேன். ஒரு தாளும் வீணாகவில்லை என்ற பெருமை வேறு. அண்ணன் வந்து பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, இதுல எது முன்ன, எது பின்ன?"

நீங்கள்தான் எண்ணே போடவில்லையே. "நம்பர் போட்டா என்ன அண்ணி?" என்று ஒருநாள் கேட்டேன். "இந்த இங்கிலீஷ் நாவல்கார அம்மா, மனசு ஓடுற மாதிரியே கதை எழுதுனவங்க. அவங்க வாழ்க்கைக்கு நான் எங்கேருந்து நம்பர் போட?" என்றீர்கள். "நல்லா இருக்கு போங்க" என்று சிரித்துவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அண்ணன் புத்தகமாகப் போட்டே தீருவேன் என்கிறார். தை பிறந்ததும் அச்சகத்தில் கொடுக்க வேண்டுமாம். ஒரு மாதமாக அடுக்குகிறேன். ஒரு தாளில் அந்த அம்மாவுக்குக் கல்யாணம், அடுத்ததில் ஆறு வயசு. செத்துப்போன தாயார் திரும்ப வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். நான் கலைத்ததா, நீங்களே அப்படி வைத்ததா? தலை சுற்றுகிறது அண்ணி.

நேற்று ஒரு தாள் கிடைத்தது. அதில் பேர் இல்லை, ஊர் இல்லை, 'அவள்' மட்டும்தான். வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் அவளிடம் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் எழுதியதில் ஒரு பக்கம் படித்துக் காட்டு என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவ்வளவுதான்.

நாலு தடவை படித்தேன். அது அந்த அம்மாவா, நீங்களா?

"இது எங்க வரும்?" என்று அண்ணன் கேட்டார். "இது சேராதுண்ணே" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவைப் பற்றியது என்றால் உங்கள் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைத் திருடிவிட்டேன். உங்களைப் பற்றியது என்றால், அது எனக்கு எழுதியது. எதுவென்று தெரியாமலே என் சேலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.