டெல்லுக்கு ஒரு இடதுகைத் துப்பாக்கி

ஏப்ரல் 9

காபிக்கடையில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், என் புருஷன் டெல் துப்பாக்கி அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அலமாரி காலி. பிப்ரவரியில் பக்கவாதம் வந்து அவனுக்கு வலது கை விழுந்த பிறகு, என் கொழுந்தன் ரஸ் வந்து, “எண்ணெய் போட்டுத் தர்றேன்” என்று துப்பாக்கிகள் எல்லாவற்றையும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ரஸ்ஸைக் கூப்பிட்டது நான்தான். மார்ச்சில் ஒருநாள் டெல், “நான் இல்லாம இருந்தா உனக்கு நிம்மதி” என்று சொன்னானே, அதற்கப்புறம்.

“இவ்வளவு நாளா என்னத்த எண்ணெய் போடுறான் அவன்?” என்று கேட்டான். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஏப்ரல் 10

பனி இன்னும் விட்டபாடில்லை. அவனும் நாற்காலியை விட்டு எழுந்தபாடில்லை.

ஏப்ரல் 22

இன்றைக்குத் தானாகவே பேசினான். புதிதாக ஒரு இடதுகைத் துப்பாக்கி செய்யக் கொடுக்கப் போகிறானாம். லூயிஸ்டவுனில் துப்பாக்கி செய்யும் ஹால்வரிடம். “அக்டோபர்ல எல்க் மான் வேட்டை சீசன் ஆரம்பிக்குது. அதுக்குள்ள வேணும்.”

அக்டோபர் என்று அவன் வாயால் கேட்டு எத்தனை நாளாயிற்று! சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷமே காலி அலமாரி கண்ணில் பட்டது.

ரஸ்ஸுக்கு போன் போட்டேன். “வேண்டாம்னு சொல்லிருங்க வெர்னா.” “நீ சொல்லேன்.” “நான் எப்படிச் சொல்றது? அண்ணனாச்சே.” ஆம்பிளை! வேண்டாம் என்றால், உன் காலம் முடிந்தது என்று நானே அவன் முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. சரி என்றால்? யாரைப் போய்க் கேட்பது?

மே 4

ஹால்வரின் பட்டறைக்குப் போனோம். அவருக்கும் டெல் வயதுதான். பேச்சு குறைவு, கேள்வி அதிகம். எங்கே ஏறுவாய், எவ்வளவு தூரத்தில் சுடுவாய், தோளில் மாட்டுவாயா, கையில் பிடிப்பாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டெல் பதில் சொன்னான்: மேல் முகடு, நானூறு கஜம், பெரிய மேக்னம் குண்டு. எல்லாம் போன வருஷத்துப் பதில். எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

ஹால்வர் அளவு பார்க்க ஒரு மாதிரித் துப்பாக்கியைக் கொடுத்தார். டெல் இடது தோளில் வைத்தான். குழல் மெல்ல மெல்ல இறங்கி மேஜையைத் தொட்டது.

“யாருக்குச் செய்யணும் டெல்? போன வருஷ ஆளுக்கா, இப்ப நிக்கிற ஆளுக்கா?”

“வண்டியில உக்காந்துட்டே சுட ஊனமுற்றவனுக்குப் பர்மிட் தர்றானாமே, அதையும் வாங்கிக் குடு! ரோட்டோரம் வண்டிய நிறுத்திச் சுடுறவனெல்லாம் ஒரு வேட்டைக்காரனா!” என்று கத்திவிட்டு, காலை இழுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டான்.

மே 13

ஹால்வருக்கு அவனே போன் செய்தான். நான் மாவு பிசைந்துகொண்டே கேட்டேன். சின்னக் குண்டு போதும், சுடும்போது தோளில் உதை குறைவாக இருக்க வேண்டும். குழல் குட்டையாக. தோளில் வைக்கும் மரக்கட்டை ஒல்லியாக, கன்னம் பதிகிற இடம் இடப்பக்கம். முன்னால், குழலைத் தாங்கிப் பிடிக்கிற முக்காலியில் பொருத்த ஒரு கொக்கி. நூறு கஜத்துக்கு மேல் சுடமாட்டேன் என்றான். “இப்ப நிக்கிற ஆளுக்கே செய். எல்லாத்தையும் நான் ஒருத்தனா, ஒத்தைக் கையில பண்ணணும். யார் உதவியும் ஆகாது.”

நியாயமாக நான் மகிழ்ந்திருக்க வேண்டும். கை மாவிலேயே நின்றுவிட்டது. ஒருத்தனாக. யார் உதவியும் இல்லாமல். அப்படி ஒரு துப்பாக்கியை அவன் அளவுக்கு வெட்டி, அவன் கைக்குப் பொருத்தி, இந்த வீட்டுக்குள்ளேயே கொண்டுவரப் போகிறோமா?

ஜூன் 17

மனசு கேட்கவில்லை. அவனுக்குத் தெரியாமல் ஹால்வரைக் கூப்பிட்டேன். கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

“கட்டைல வெடிப்பு விட்டுருச்சுன்னு சொல்றேன். ஒரு தடவைதான் சொல்லுவேன் வெர்னா.”

ஜூலை 8

விளக்குமாற்றுக் கட்டையை முக்காலியில் வைத்து, கொல்லைப்புறத்தில் இடது கண்ணால் குறி பார்க்கிறான். மணிக்கணக்காக. இடது கையால் சாப்பிடவும் வந்துவிட்டது. இது தெம்பா, ஒத்திகையா? எனக்குத் தெரியவில்லையே கடவுளே.

பயிற்சி கொடுக்க வரும் நர்ஸ், “சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க, கேக்குறதால ஒண்ணும் கெட்டுப்போகாது” என்கிறாள். ராத்திரிச் சாப்பாட்டில் வாயெடுத்தேன். “உப்பு போதுமா?” என்றுதான் வந்தது.

செப்டம்பர் 28

தயாராகிவிட்டது. இதற்கு மேல் தள்ளிப்போட என்னிடம் பொய் இல்லை. ஹால்வரின் மைதானத்தில் நூறு கஜத்தில் இரும்புத் தட்டு. டெல் தானே பொருத்தினான், தானே குண்டு போட்டான், சுட்டான். தட்டு டங்கென்றது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான், வாய் ஒரு பக்கம் மட்டும் போகும் அந்தச் சிரிப்பு. வால்நட் மரத்தில் என்ன அழகாக இருக்கிறது, சனியன்.

வரும் வழியெல்லாம் அது பின்சீட்டில் கிடந்தது. அலமாரிச் சாவியை எங்கே ஒளிப்பது என்றே யோசித்துக்கொண்டு ஓட்டினேன். எங்கே ஒளித்தாலும் இந்த வீடு அவன் கட்டியது.

செப்டம்பர் 29

நேற்று எழுதி முடித்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். துப்பாக்கியை மேஜைமேல் கிடத்தியிருந்தான்.

“உக்காருடி” என்றான். இடது கையால் அதன் பூட்டுத்தண்டைப் பின்னால் இழுத்து, முழுசாக உருவினான். குண்டைத் தள்ளிப் பூட்டுகிற இரும்பு அது. “இது இல்லாம துப்பாக்கி வெறும் கட்டை.” என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினான்.

“மார்ச்ல நினைச்சேன் வெர்னா. தினம் நினைச்சேன். இப்ப இல்ல. ஆனா திரும்ப வராதுன்னு சத்தியம் பண்ண முடியல. நீயே வச்சுக்கோ.”

மூடிய கையைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

“ஹால்வருக்குப் பொய் சொல்ல வராது. இருபது வருஷமாக் காயவெச்ச மரம் எங்கடி வெடிக்கும்? அப்பவே தெரியும், நீ பயந்துட்டேன்னு. சீசன் ஆரம்பிக்கிற அன்னிக்கு நீயும் வா. நீ வராம என்னால சுட முடியாது.”

இன்று நாள் முழுக்க அந்த இரும்பு என் ஏப்ரன் பையில் கனத்துக்கொண்டிருந்தது. மத்தியானம் கடையின் பின்பக்கம் போய் நன்றாக அழுதேன். சாயங்காலம் வரும் வழியில் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு மேல்சட்டை ஒன்று வாங்கினேன், என் அளவுக்கு.