சலீம் ஊர் வந்து சேரவில்லை

கடையநல்லூர்
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்பு மகன் சுஹைபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வோட கிருபையில அம்மாவும் அத்தாவும் உன் பொண்டாட்டி மாஜிதாவும் நல்லா இருக்கோம், அங்கன உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராம அவன் காக்கணும்னு அஞ்சு வக்துத் தொழுகையிலயும் கேட்டுக்கிட்டே இருக்கேன். தினமும் போன்ல பேசுதவ இப்ப எதுக்குக் கடுதாசி எழுதுதான்னு நீ நினைப்ப. சண்டைப் பேச்சை போன்ல எடுக்காதம்மா, இங்கன வீடியோ அனுப்புனவன், ஒரு வார்த்தை எழுதுனவனையெல்லாம் பிடிச்சுட்டுப் போறாங்கன்னு நீதான சொன்ன. அன்னையிலேருந்து நாம ரெண்டு பேரும் சாப்பிட்டியா, தூங்குனியா, வெயில் எப்படின்னு மட்டும் கேட்டுட்டு வச்சிடுதோம். பேசாததெல்லாம் நெஞ்சுல கல்லு மாதிரி கிடக்கு. அங்கன இருந்து லீவுல வந்து மாட்டிக்கிட்ட யாசர், பிளைட் திரும்ப விட்டாச்சுன்னு புதன்கிழமை கிளம்புதான். இதை அவன் சட்டைத்துணிக்குள்ள மடிச்சு வச்சு உன் கையில தாரேன்னு சொல்லியிருக்கான்.

முதல்ல வீட்டு விஷயம். மாஜிதாவுக்கு ஏழாம் மாசம் நடக்கு, ஸ்கேன்ல பிள்ளை நல்லா இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க, கால்தான் கொஞ்சம் வீங்குது, உப்பைக் குறைச்சிருக்கேன். சாரல் விழுந்து ஒண்ணரை மாசமாச்சு. அத்தா வழக்கம்போல குற்றாலத்துல மெயினருவிக்குப் போற பாதையில துண்டு, கைலிக் கடை போட்டாரு, ஆனா சீசன்ல பாதி நாள் கடை பூட்டித்தான் கிடந்துச்சு, ஏன்னு கீழ எழுதுதேன். அங்க அருவியில தண்ணி நல்லா விழுது, ஜனம் நிக்க இடமில்ல. பக்கத்து டீக்கடைக்காரரு சிலிண்டர் வரலேன்னு விறகு அடுப்பு மூட்டியிருக்காரு, புகையில கண்ணைக் கசக்கிட்டே டீ ஆத்துதாரு. குளிக்க வந்தவங்களுக்கு இந்தச் சண்டை அவ்வளவுதான் தெரியும். அவங்களைக் குத்தம் சொல்லல, சலீம் நம்ம பக்கத்து வீட்டுப் பிள்ளையா இல்லேன்னா நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

சலீம் விஷயத்தை எழுதணும்னுதான் உக்காந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ரசத்துக்குப் புளி கரைச்சிக்கிட்டு இருந்தேன். அவன் பொண்டாட்டி சமீனா பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வந்து, மாமி, அவுகளுக்கு ஏதோ அடிபட்டிருக்காம், சுஹைப் மச்சான் போன் எடுக்க மாட்டேங்காகன்னு சொன்னா. அடிபட்டிருக்குன்னு சொல்லும்போதே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. சாயங்கால மஃரிபு தொழுகைக்குள்ள பள்ளிவாசல்ல இருந்து ஆள் வந்து அத்தாவைத் தனியா கூப்பிட்டாங்க. டிவியில அன்னைக்கு, வானத்துலயே வழிமறிச்சு அத்தனை ஏவுகணையையும் அழிச்சாச்சு, பெரிய சேதம் இல்ல, சிதறுன துண்டு விழுந்து வெளிநாட்டுத் தொழிலாளி ஒருத்தர் இறந்தார்னு வாசிச்சாங்க. பேரு சொல்லல. அந்தப் பொண்ணு வாசிச்சிட்டு அடுத்து கிரிக்கெட்டுக்குப் போயிட்டா. உன் அத்தா எந்திரிச்சு டிவி முன்னால போயி நின்னு, பேரைச் சொல்லும்மா, அவனுக்குப் பேரு இருக்குன்னு சொன்னாரு. அந்த மனுசன் டிவிகிட்டப் பேசி நான் பாத்ததே இல்ல.

சமீனா புருசனுக்காக இத்தாவுல உக்காந்துட்டா, வெளிய வர முடியாது. அவளுக்கும் சலீமுக்கும் ஓடியாட ஆம்பளைத் துணை யாரும் கிடையாதுன்னு உனக்குத் தெரியும். சலீம் மையித்தை ஊருக்குக் கொண்டாந்து அடக்கணும், அது ஒண்ணுதான் அவ கேட்டது. அத்தா கடையைப் பூட்டிட்டு ஒரு பிளாஸ்டிக் கவர்ல பாஸ்போர்ட் நகல், கல்யாணப் பதிவு, ரேசன் கார்டு எல்லாத்தையும் போட்டுக்கிட்டு அலைஞ்சாரு. தென்காசியில மனு வாங்குற இடத்துல உக்காரச் சொல்லி தண்ணி குடுத்தாங்களாம், நல்லா பேசினாங்களாம், மேல அனுப்பியிருக்கோம்னு சொன்னாங்களாம். மெட்ராசுல ஒரு ஆபீஸ் நம்பர் குடுத்தாங்க. அங்க இருந்து டெல்லி நம்பர். டெல்லியில ஒரு பிள்ளை இந்தியில பேசிச்சு, நம்ம யாசர்தான் பதில் சொன்னான். எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், வானம் மூடியிருக்கு, நாங்க என்ன செய்ய. யார் மேலயும் கோபப்பட முடியல சுஹைப், யாரும் நம்மள விரட்டல. விரட்டுனாக்கூட ஒரு ஆத்திரம் வரும், அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கலாம். பேப்பர்ல நம்ம நாட்டுப் பெரியவங்க ஆழ்ந்த கவலை தெரிவிச்சிருக்காங்கன்னு போட்டிருந்துச்சு. அத்தா அதை எனக்கு வாசிச்சுக் காட்டுனாரு. கவலைன்னா எனக்குத் தெரியும், அது வந்தா சோறு இறங்காது. அந்தப் படத்துல இருந்தவங்க முகமெல்லாம் நல்லா தூங்கி எந்திரிச்ச முகமா இருந்துச்சு. ஒரு கட்சிக்காரரு நாலு காருல வந்தாரு, சலீம் பிள்ளையைத் தூக்கி வச்சு போட்டோ எடுத்தாரு, மறுநாள் முக்குல பிளக்ஸ் கட்டுனாங்க, அதுல அவரு படம் ஆள் உசரத்துக்கு, சலீம் படம் ஓரத்துல ஸ்டாம்பு அளவு.

சலீம் இறந்த பதினொண்ணாம் நாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிஞ்சு தென்காசியில போரை நிறுத்துன்னு சொல்லி கூட்டம் கூடுனாங்க. நம்ம ஆளுக மட்டும் இல்ல, சிவப்புக் கொடிக்காரங்க, சர்ச்சுல இருந்து கொஞ்ச பேரு, காலேஜ் பிள்ளைகன்னு எல்லாரும் இருந்தாங்க. அத்தா முந்தின நாளே அட்டையில கறுப்பு மையால எழுதி வச்சிருந்தாரு. எல்லார் அட்டையிலயும் ஒழிக, நிறுத்துன்னு இருந்துச்சு. அவரு அட்டையில, முகம்மது சலீம், வயது முப்பத்தி நாலு, கடையநல்லூர்னு மட்டும் இருந்துச்சு. நானும் போனேன், உன்கிட்ட சொல்லல, நீ ஏசுவேன்னு. ஒரு மணிக்கூறு வெயில்ல நின்னோம். சண்டை போடுத அந்த நாடுகள்ல, ஓட்டுப் போட்ட ஜனங்களே லட்சக்கணக்குல ரோட்டுல நின்னு வேண்டாம் வேண்டாம்னு கத்துததை டிவியில நானும் பாத்தேன். ஒருத்தனுக்குப் பதவி போயிரும்னு பயம், இன்னொருத்தனுக்கு வீராப்புன்னு அத்தா சொல்லுவாரு. அவங்க சொல்லியே கேக்காதவனுக, தென்காசி பஸ் ஸ்டாண்டுல இந்தச் சைதூன் பீவி நின்னாளேன்னா கேக்கப் போறானுக? தெரிஞ்சேதான் நின்னேன். வீட்டுக்குள்ள இருக்க முடியல, அதுக்காக.

அனுமதி இல்லேன்னு போலீஸ்காரங்க எங்களை வேன்ல ஏத்தி ஒரு கல்யாண மண்டபத்துல வச்சாங்க. அங்க பேரு எழுதிக்கிட்டு இருந்தது யாருன்னா, உன்னோட பாலிடெக்னிக் படிச்சானே, இலத்தூர் இசக்கிராஜா, இப்ப போலீஸ்ல இருக்கான், அவன்தான். என்னைப் பாத்ததும் எந்திரிச்சுட்டான். சேர் போட்டு உக்கார வச்சு, அம்மா டீ குடிங்கன்னு குடுத்தான். சுஹைப் எப்படி இருக்கான்னு கேட்டான். அப்புறம் பேனாவை எடுத்து அத்தாகிட்ட, எழுதித்தான் ஆகணும் மாமா, என்ன சொல்லி வந்தீங்கன்னு போடணும்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டான். அத்தா சொன்னாரு, "யார்கிட்டச் சொல்லணும்னு தெரியல, அதான் ரோட்டுல நின்னேன்." அந்தப் பிள்ளை அதை எழுதல. பேனாவைக் கீழ வச்சுட்டு அவன் வீட்டுக் கதையைச் சொன்னான். அவன் அண்ணன் பட்டாளத்துல எல்லையில இருக்கானாம், டிவியில எவனாவது சண்டைன்னு வாயைத் திறந்தா அவங்க அம்மா குருவம்மாள் அடுப்பை அணைச்சுட்டு உக்காந்திருவாளாம். அதைச் சொல்லிட்டு எங்க ரெண்டு பேர் பேரையும் எழுதி கையெழுத்து வாங்குனான். அப்புறம் சாயங்காலம் வெளிய விட்டாங்க. கேஸ் இருக்கு, ஐம்பத்தெட்டு வயசுல உன் அம்மா பேர்ல. நீ அதை நினைச்சுப் பதறாத, ஒண்ணும் ஆகாதுன்னு வக்கீல் சொல்லுதாரு.

இருபத்திரெண்டாம் நாள் சமீனாவோட போன்ல அங்க இருந்து தாள் வந்துச்சு. இனியும் வச்சிருக்க முடியாது, அங்கேயே அடக்கம் செய்ய வீட்டுக்காரி சம்மதிச்சு கையெழுத்துப் போடணும்னு. அத்தா தாளையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கிட்டு வந்து, கதவுக்கு வெளிய நின்னு ஒவ்வொண்ணா வாசிச்சு அவளுக்கு அர்த்தம் சொன்னாரு, நான் உள்ள அவ பக்கத்துல இருந்தேன். அதுல விபத்து நடந்த விவரம்னு ஒரு தாள். அதை வாசிக்கும்போது அவரு சத்தம் நின்னுபோச்சு. என்னன்னு கேட்டேன். தாளைக் கதவு இடுக்கு வழியா என் கையில நீட்டுனாரு. சம்பவ இடத்துல உடன் இருந்தவர்னு போட்டு உன் பேரு, பக்கத்துல பீர் மைதீன்னு அத்தா பேரு, கீழ உன் கையெழுத்து.

நீ வேற சைட்டுல இருந்தேன், நாப்பது கிலோமீட்டர் தூரம்னு என்கிட்டச் சொன்ன. நான் நம்புனேன், நம்பி அல்லாஹ்வுக்கு நன்றின்னு ரெண்டு ரக்அத் ஷுக்ரும் தொழுதேன், பக்கத்து வீட்டுப் பிள்ளை மையித்தாக் கிடக்கும்போது என் மகன் தூரத்துல இருந்தான்னு. அதை நினைச்சா இப்ப கூசுது. சமீனாவுக்கு இது முன்னமே தெரியும். அம்மாகிட்டச் சொல்லாதீங்கன்னு நீ கேட்டுக்கிட்டதால அவ வாயைத் திறக்கல, தன் துக்கத்தோட உன் பொய்யையும் சேத்து இத்தனை நாள் சுமந்திருக்கா. அவ கையெழுத்துப் போட்டா. போட்டுட்டு, மையித்தைக் குளிப்பாட்ட அங்கன யாரு இருக்கான்னு மட்டும் கேட்டா. அங்கன இருக்குற நம்ம ஊர்ச் சங்கத்துக்காரரு போன்ல, அவுக கூட்டாளி சுஹைப்தான் நானே செய்யுதேன்னு வந்து நிக்காருன்னு சொன்னாரு.

மறுநாள் நம்ம பள்ளியில, மையித்து இல்லாமத் தொழுத காயிப் ஜனாஸா தொழுதாங்க. முன்னால ஒண்ணும் இல்ல, வெறும் தரை, அதுக்கு முன்னால ஊரே வரிசையா நின்னுச்சுன்னு அத்தா வந்து சொன்னாரு. அதுக்கு நாலு நாள் கழிச்சு சண்டையை நிறுத்தியாச்சுன்னு அறிவிச்சாங்க. ரெண்டு பக்கத்துத் தலைவனும் நாங்கதான் ஜெயிச்சோம்னு சொன்னானுக. அத்தா அதைக் கேட்டுட்டு, அப்ப சலீம் யார்கிட்டத் தோத்தான்னு என்னைக் கேட்டாரு. அன்னையிலேருந்து டிவியைப் போடல, பேப்பரையும் நிப்பாட்டிட்டாரு. முந்தியெல்லாம் உலக விஷயம் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு, இப்ப காலையில பஸ் ஏறி குற்றாலம் போறாரு, துண்டை விரிச்சுப் போடுதாரு, மடிச்சு எடுத்துக்கிட்டு வாராரு. இந்த நிறுத்தமும் எத்தனை நாளைக்கோ.

மகனே, நீ சொன்ன பொய்க்கு நான் கோவிக்கல. என்னைக் காப்பாத்தத்தான் சொன்ன. ஆனா நீ அதைப் பாத்துட்டு, ரூமுக்கு வந்து, ரத்தத்தைக் கழுவிட்டு, எனக்குப் போன் போட்டு மீன் குழம்பு சாப்பிட்டேன்னு சொன்னியே, அதை நினைச்சுத்தான் எனக்குத் தூக்கம் வரல. விசா பாத்து அவனைக் கூட்டிட்டுப் போனது நீதாங்கிறதையும் மனசுல போட்டு வேகாத. சமீனா ஒரு நாளும் அப்படிச் சொல்லல, இனியும் சொல்ல மாட்டா. உன்னைத் திரும்பி வான்னு எழுத ரெண்டு தடவை பேனாவை எடுத்தேன். அத்தா வேண்டாம்னுட்டாரு, கம்பெனி லீவு குடுக்காது, பிள்ளை மனசைக் கலைக்காதன்னாரு. அதனால எழுதல. வான்னு சொல்லவும் முடியல, இருன்னு சொல்ல வாயும் வரல. சைரன் அடிச்சா வேடிக்கை பாக்க மொட்டை மாடிக்குப் போகாத, படிக்கட்டுக்கு அடியில போயி உக்காரு. தனியா படுக்காத, யாசர் ரூமுக்கு மாறிக்கோ. நீ அப்ப சலீம் கூட இருந்தது மாஜிதாவுக்குத் தெரியாது, பிள்ளை பிறக்கட்டும், நானே சொல்லுதேன்.

ரப்பு உனக்கு நீண்ட ஆயுசும் ஈமானும் தரட்டும், உன் பிள்ளை முகத்தைக் கண்ணாரப் பாக்க வைக்கட்டும், ஆமீன்.

ஒண்ணு மறந்திராத. யாசருக்கு அடுத்து யாரு ஊருக்கு வந்தாலும் அவங்க கையில பதில் குடுத்து விடு. ரெண்டு தாளா எழுது. ஒண்ணுல அன்னைக்கு நடந்ததை ஒண்ணு விடாம எனக்கு எழுது, என்ன பாத்த, எப்படி அவனைக் குளிப்பாட்டுன, நீ அழுதியா இல்லையா, எல்லாம். நான் தாங்குவேன். இன்னொரு தாள் சமீனாவுக்கு. சலீம் முகம் எப்படி இருந்துச்சுன்னு கேக்கணும்னு அவளுக்கு இருக்கு, கேக்க மாட்டேங்கா. தூங்குத மாதிரி நல்லா இருந்துச்சுன்னு எழுது. நிஜத்துல எப்படி இருந்திருந்தாலும் அவளுக்கு அப்படித்தான் எழுது.

உன் துஆவை எதிர்பார்க்கும்
அம்மா
பீ. சைதூன் பீவி