வாட்ச்மேன் சொன்ன பதில்

மதினி,

இன்று காலை ஏழாயிரம்பண்ணை அக்கா நம் வீட்டு வாசலில் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. பட்டாசுக் கம்பெனியில் உங்களோடு ஒரே ஷெட்டில் வெடிச்சரம் பின்னிய அதே அக்காதான். கையில் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டர். சுருளில் மாட்டியிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றக்கூடப் பொறுமையில்லை. இழுத்து அறுத்து என் முகத்துக்கு நேராக விரித்தார். புது மையின் வாசனை குப்பென்று அடித்தது.

"ஏ புள்ள, இங்கன பாரு! நம்ம வாட்ச்மேன காலண்டர்ல போட்டிருக்காங்க!"

பார்த்தேன். ஏதோ பழைய படம்; குரங்குக் குல்லா இல்லை, தாடி ஒழுங்காக இருந்தது. ஆனால் அதே கண்கள். தலையை ஒரு பக்கம் சாய்த்து எதையோ கேட்பது போன்ற அதே பார்வை.

"கொடைக்கானல்ல நம்மகிட்ட புளியோதரை வாங்கித் தின்னாருல்ல, அவருதான? கீழ பேரு போட்டிருக்கே, படி."

படித்தேன். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப… அன்னைக்குக் கேட்டத் தொறந்துட்டு வந்தது…"

"அவருதான்க்கா."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவளுக்கு?"

"மொதல்ல கண்டுபிடிச்சதே மதினிதான்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "அடிப்பாவி! ஒரு வருசம் பூரா அவள வாட்ச்மேன் ரசிகைன்னு கூப்பிட்டமே! ஒரு வார்த்த சொல்லலையே!"

ஆமாம் மதினி, நீங்கள் சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை. இன்றைக்கு அந்த ரகசியம் தானாக உடைந்துவிட்டது. காலையிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

கல்யாணமாகி ஆமத்தூருக்கு வந்தபோது சேலைகளுக்கு நடுவில் ஒரு கேசட்டை வைத்துக் கொண்டுவந்த ஒரே பெண் நீங்களாகத்தான் இருக்கும். அட்டையில் இதே மனுஷருடைய முதுகும் முடியும் மட்டும் தெரிந்தன. சினிமாவுக்குப் பாடாத ஒரு பாடகரை நம் ஊரில் யாருக்குத் தெரியும்? அண்ணன் முதல் தடவை கேட்டுவிட்டு, "என்ன இவன், பாடுறானா, தொண்டையில முள்ளு சிக்கிருச்சா?" என்றான். "உங்களுக்கெல்லாம் நாதஸ்வரம் ஊதுனாக்கூட ஆவி பிடிக்கிறாங்கன்னுதான் தோணும்" என்றீர்கள் நீங்கள். அன்றிலிருந்து நம் வீட்டில் எனக்குப் பொழுது போகத் தொடங்கியது.

அட்டையில் இருந்த 'ராக்' என்ற எழுத்தைக் காட்டி என்னவென்று கேட்டீர்கள். நான் அப்போது விருதுநகரில் கல்லூரியில் சேர்ந்த புதிது. நம் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் என்பதால் எதைக் கேட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பினீர்கள். "கிடார் வச்சுக்கிட்டுச் சத்தமாப் பாடுறவங்க மதினி. ராக் ஸ்டார்னு சொல்லுவாங்க" என்றேன். மறுநாள் ஷெட்டில் "எங்காளு ராக் ஸ்டாரு" என்று நீங்கள் பெருமையடிக்க, கம்பெனி இந்த சீசனுக்குப் புது அயிட்டம் போடுகிறது என்று மற்ற பெண்கள் நினைத்துவிட்டார்கள். "ராக்கெட்டா, ஸ்டாரா? மேல போயி வெடிக்குமா, கீழயே சுத்துமா?" என்று ஏழாயிரம்பண்ணை அக்கா கேட்க, "மேல போயிட்டாரு, இன்னும் எறங்கல" என்றீர்களாம்.

உண்மையும் அதுதான். கல்லூரி நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படித்தேன். கச்சேரிகளை நிறுத்திவிட்டுக் கொடைக்கானலில் தனியாக இருக்கிறார். இப்போதெல்லாம் படம் எடுக்க விடுவதில்லை. ரசிகர்கள் தேடிப்போனாலும் கதவைத் திறப்பதில்லை. அதை வந்து சொன்னபோது நீங்கள் அசரவில்லை.

"அந்தாளுக்கு ரசிகருங்க மேல அக்கறையே கிடையாது மதினி. நீங்கதான் சும்மா உருகுறீக."

"அக்கறை இல்லாதவன் அப்படிப் பாடுவானா?"

"பாடுறது அவரு தொழிலு."

"சரம் பின்னுறது என் தொழிலு. எவன் வீட்டுப் புள்ள கொளுத்தப் போவுதோ, பாதியில நின்னு போயி அது மொகம் வாடிறக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான பின்னுறேன். அந்தப் புள்ளைய நான் பாத்திருக்கனா?"

நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாவாட்டும்போதும் துணி காயப்போடும்போதும் இந்த வழக்கு நடந்துகொண்டே இருந்தது.

தீபாவளி முடிந்து கம்பெனி மூடிக் கிடக்கும் நாட்களில் ஒரே வேனில் வேலைக்குப் போகும் உங்கள் கூட்டம் ஒரு டூர் போகும். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நெருப்பும் மருந்தும் பற்றிய நினைப்பில்லாத நாள். அந்த முறை எல்லோரும் கன்னியாகுமரி என்றார்கள். நீங்கள் ஒவ்வொரு வீடாகப் போய், ஏரியில் போட் இருக்கிறது, குதிரை இருக்கிறது, குளிரில் சுடச்சுட மக்காச்சோளம் கிடைக்கும் என்றெல்லாம் சொல்லி வேனைக் கொடைக்கானலுக்குத் திருப்பினீர்கள். "ஒன் ராக் ஸ்டாரு நம்மளப் பாக்கலேன்னா?" என்று அக்கா கேட்டதற்கு, "அடுத்த தீவாளி வரைக்கும் என்னைய என்ன வேணாலும் சொல்லிக்கோங்க" என்று வாக்குக் கொடுத்தீர்கள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள்.

மலைப்பாதையில் வேன் ஏறியது. வளைவுக்கு வளைவு நீங்கள் கத்திப் பாடினீர்கள். பாதிப் பேர் ஜன்னலோரம் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். காய்கறிக் கடையில் விசாரித்து, யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே இருந்த அந்த இரும்பு கேட்டைக் கண்டுபிடித்தோம். மணியை அடித்தோம். நாய் குரைத்தது. யாரும் வரவில்லை. மறுபடியும் அடித்தோம். நாயும் அலுத்துப் போய் நிறுத்திவிட்டது.

பனி இறங்கத் தொடங்கியது. டிரைவர் ஹாரன் அடித்தார். "போட்ல போவம்னு சொல்லித்தான கூட்டியாந்த? இப்ப கேட்டப் பாத்துட்டுப் போவமா?" என்று அக்கா ஆரம்பித்தார். உங்கள் முகத்தை நான் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். ஆனால் கேட் கம்பியைப் பிடித்திருந்த கை இறுகியிருந்தது. அந்த நிமிடத்தில் வழக்கில் நான் ஜெயித்துவிடக் கூடாதே என்று முதல் முறையாக வேண்டிக்கொண்டேன்.

சட்டென்று திரும்பினீர்கள். "வெடியப் போடுவம்!"

எல்லோரும் விழித்தார்கள்.

"நம்ம ஊருக்கு யாரு வந்தாலும் வெடி போட்டுத்தான வரவேக்கோம்? இங்கன நம்ம வந்திருக்கோம். வரவேக்க ஆளில்ல. நம்மளே போட்டுக்குவம்!"

சீசன் முடிந்த கையோடு போர்மேன் அவரவர் பின்னியதில் ஆளுக்கொரு சரம் கொடுத்திருந்தார். அதில் சில வேனில் இருந்தன. உங்கள் சரத்தையும் அக்காவின் சரத்தையும் இன்னும் ஒன்றிரண்டையும் திரியோடு திரி முடிந்து, ரோட்டில் நீளமாகப் போட்டுப் பற்றவைத்தீர்கள். மலை முழுக்க அந்தச் சத்தம் உருண்டது. எதிர்மலையும் திருப்பி வெடித்தது. குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கைதட்டிக் கூவினார்கள். நான்கூடக் கூவினேன் மதினி. அதுவரை வகுப்பில் வருகைப்பதிவுக்குக்கூட எனக்குச் சத்தம் வந்ததில்லை.

முடிந்ததும் யாரும் சொல்லாமலே வேலை தொடங்கியது. வேறு ஊர்க்காரர்கள் என்றால் வேனில் ஏறியிருப்பார்கள். உங்கள் கூட்டத்துக்கு அது முடியாது. ஒருவர் வெடிக்காத வெடியைத் தேடினார், ஒருவர் பாட்டில் தண்ணீரைத் தெளித்தார், நீங்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு மரக்கிளையால் காகிதத்தைக் கூட்ட ஆரம்பித்தீர்கள். அப்போதுதான் கேட் திறந்தது. குரங்குக் குல்லாவும் லுங்கியும் பழைய ஸ்வெட்டருமாக ஒருவர் வந்து நின்றார்.

"அண்ணே, ஐயா உள்ள இருக்காகளா?" என்று கூட்டுவதை நிறுத்தாமலே கேட்டீர்கள்.

அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். "இல்லையேம்மா."

"எங்க போயிருக்காக?"

"தெரியல. சொல்லிட்டுப் போற ஆள் இல்ல."

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். "படிச்ச புள்ள, நீயாச்சும் எதுனா கேளு" என்று அக்கா என்னை முன்னால் தள்ளினார். வாட்ச்மேனிடம் பேச என்ன பயம் என்று எனக்கும் ஒரு தைரியம் வந்தது. நம் வழக்கை அவரிடமே வைத்துவிட்டேன்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. அவருக்கு ரசிகருங்க மேல அக்கறை உண்டா? எங்களை மாதிரி ஆளுகள நினைப்பாரா?"

அவர் கூட்டிவைத்த காகிதக் குவியலையே பார்த்தார். "இல்லம்மா. நினைக்க மாட்டாரு. முகம் தெரியாதவங்கள எப்படி நினைக்கிறது? பொய் சொல்லக் கூடாதில்ல."

உங்கள் கையிலிருந்த கிளை நின்றது. நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன், அழுதுவிடுவீர்களோ என்று. நீங்கள் அழவில்லை. இடுப்பில் செருகியிருந்த முந்தானையை மெதுவாக உருவித் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டீர்கள். கோயிலிலும் மாமனார் முன்னாலும் மட்டும் செய்வீர்களே, அப்படி. அப்போதுதான் எனக்கும் அந்தக் குரல் உறைத்தது. தினமும் காலையில் உங்கள் கேசட்டில் கரகரத்த குரல். தொண்டையில் முள் சிக்கிய குரல்.

அவரும் அந்த முந்தானையைப் பார்த்தார். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை. நீங்கள் ஒரு கத்துக் கத்தியிருந்தால் அத்தனை பேரும் சூழ்ந்திருப்பார்கள். அவர் கை கேட்டின் தாழ்ப்பாளுக்குப் போனது. நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

தாழ்ப்பாளிலிருந்து கை இறங்கியது. "இந்தச் சரத்தைப் பின்னினது யாரு?" என்று கேட்டார்.

எத்தனை வருடமாகப் பின்னுகிறீர்கள்! அதுவரை யாராவது அப்படிக் கேட்டதுண்டா? "இவதான், இவதான்" என்று பெண்கள் உங்களைச் சுட்டினார்கள்.

"தாளம் பிசகாம வந்துச்சு. உள்ளே உட்கார்ந்து கேட்டுட்டே இருந்தேன். நடுவுல ஒரு இடத்துல மட்டும் நின்னு நின்னு போச்சே?"

"அது இந்த அக்கா பின்னுனது" என்றீர்கள், பழைய குரல் திரும்பி.

"ஏய்! எங்க ஊரு வெடி மூச்சு வாங்கித்தான் வெடிக்கும்!" என்று அக்கா பாய, அவர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார் மதினி.

கிளம்பும்போது புளியோதரைப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினீர்கள். "ஐயாவுக்கில்ல, இது உங்களுக்கு. ஐயா வந்தாச் சொல்லுங்க. குளிர்ல தொண்டையப் பாத்துக்கிடச் சொல்லுங்க. அடுத்த பாட்டு எப்பப் போட்டாலும் சரி, ஒண்ணும் அவசரமில்லன்னு சொல்லுங்க."

"சொல்றேன்மா" என்றார். வேன் வளைவில் திரும்பும் வரை கேட்டருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.

வேனுக்குள் உங்களைக் கிழித்தார்கள். போட் போச்சு, குதிரை போச்சு, கடைசியில் வாட்ச்மேனுக்குச் சோறு போட்டுவிட்டு வருகிறோம் என்றார்கள். உண்மை என் நாக்கு நுனியில் துடித்தது. நீங்கள் என் தொடையில் கிள்ளினீர்கள். வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் என் காதைப் பிடித்து, "தெரிஞ்சிருச்சுல்ல ஒனக்கு? மூச்சு விட்ட, கொன்னுருவேன். நாளைக்கே அம்புட்டுப் பேரும் அந்தக் கேட்ல போயி நிப்பாக. பாவம், ஒளிஞ்சுக்க அந்த ஒரு குல்லாதான் இருக்கு அவருக்கு" என்றீர்கள். பிறகு என்னை இழுத்துக்கொண்டு சுற்றினீர்கள், நாம் இருவரும் சத்தமில்லாமல் குதித்தோம். அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன, ரெண்டு பேருக்கும் பேய் பிடிச்சிருச்சா?" என்றான்.

ஒரு வருடம் முழுக்க 'வாட்ச்மேன் ரசிகை' என்ற பேரைச் சிரித்துக்கொண்டே சுமந்தீர்கள்.

நான் பட்டம் வாங்கிய வருடம் உங்களுக்கு மஞ்சள் காமாலை முற்றியது. விருதுநகர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மெலிந்து கிடந்தீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. "மதினி, கொடைக்கானலுக்குச் சொல்லி அனுப்பவா?" என்று கேட்டேன்.

"வேணாம் புள்ள. கேட்டா மனசு கஷ்டப்படுவாரு."

"நினைக்கவே மாட்டேன்னு அவரே சொன்னாருல்ல?"

உங்கள் கண்ணில் அந்தக் குறும்பு வந்தது. "அது வாட்ச்மேன் சொன்னது. அவரு சொல்லலையே."

அந்தக் கட்டிலிலிருந்து நீங்கள் வீடு திரும்பவில்லை. வழக்கு அதோடு முடிந்துவிட்டது. நான் அப்பீலுக்குப் போகவில்லை.

இன்று அக்கா காலண்டரைச் சுருட்டிக்கொண்டே சொல்லிவிட்டார், இந்த வருடம் டூர் மறுபடியும் அங்கேதானாம். ஆமத்தூர் வேன் முழுக்க இதற்குள் செய்தி போயிருக்கும். நானும் போகிறேன். அவர் கேட்டைத் திறப்பாரோ மாட்டாரோ. திறந்தாலும் நம்மை அடையாளம் தெரியுமோ என்னவோ. ஆனால் ஒருவேளை கூட்டத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "சரம் பின்னுற அம்மா வரலையா?" என்று கேட்டுவிட்டால்?

அதற்கு என்ன பதில் என்று முடிவு செய்துவிட்டேன் மதினி. அக்காவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். "வடக்க கல்யாண சீசனு. வெடிக்கு ஆர்டர் அம்புட்டு இருக்கு. அவுகளுக்கு லீவு கிடைக்கல" என்று சொல்வோம். அந்த மலை மேல், அவர் நினைப்பிலாவது, நீங்கள் வேலைக்குப் போய்க்கொண்டே இருங்கள்.