காருக்குள்ள உங்க அக்கா

ஏங்க,

நீங்க இன்னும் மாடியில போன்ல இருக்கீங்க, அதான் எழுதி வச்சுட்டுப் போறேன். கார் வேணாம், பஸ்லயே போறேன். சாவி ஃபிரிட்ஜ் மேல. சாப்பாடு மூடி வச்சிருக்கேன். குழாய் ரிப்பேர்காரர் வந்தா கதவைத் திறந்து விடுங்க.

நீங்களே மாட்டின ஸ்டீரியோ எனக்கு ஒரு இழவும் புரியல. காரை ஸ்டார்ட் பண்ணினா பாட்டு வரும்னு பார்த்தேன், உங்க அக்கா குரல் வருது! "தப்பு உன் மேலதான்னு நீயே சொல்றியேடா, அதை அவகிட்டச் சொன்னா குறைஞ்சா போயிடுவ?" மாடியில நீங்க "ஹலோ, ஹலோ"ன்னு கத்துறீங்க. உங்க போன் புளூடூத்ல காரோட ஒட்டிக்கிச்சுன்னு அப்புறம்தான் உறைச்சுது. பதறிப்போய் எதையோ திருகினேன், சத்தம் இன்னும் கூடிப்போச்சு. எதிர்வீட்டுக்காரர் வாயில பிரஷ்ஷோட வாசலுக்கே வந்துட்டார். கடைசியில காரையே அணைச்சுட்டேன்.

ஸ்டீரியோ மாட்ட மெக்கானிக்கைக் கூப்பிடலாம்னு நான் சொன்னதுக்கு "உனக்கென்ன தெரியும்"னு எரிஞ்சு விழுந்தீங்களே, அந்தத் தப்பைத்தான் சொன்னீங்களா? இல்ல வேற ஏதாவதா? கோபப்படறதா சிரிக்கிறதான்னே தெரியல.

பி.கு.: நான் கேட்டது அக்காவுக்குத் தெரிய வேணாம்.

இன்னொண்ணு. எதிர்வீட்டுக்காரர், "பாவம்மா அவரு, மன்னிச்சு விட்டுடு"ங்கிறார். தெருவுக்கே சொல்லியாச்சு. என்கிட்ட மட்டும்தான் நீங்க இன்னும் சொல்லல.