உருளை தோலுரிக்கும் வரை

மார்ச் 3, செவ்வாய்

இன்று முழுக்க ஒரே ஒரு கடைவாய்ப் பல். மெழுகில் செதுக்கி, வார்த்து, பீங்கான் பூசி, சூளையிலிருந்து எடுத்துப் பார்த்தால் நிறம் ஒரு படி வெளுப்பு. யாரோ ஒருவர் வாயில் போய் உட்காரப்போகிற பல். அப்படியே அனுப்பினால் பக்கத்துப் பற்களுக்கு நடுவில் தனியாகப் பல்லிளிக்கும். மறுபடி பூசினேன். பல் செய்கிற வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான் – நாள் முழுக்க வாய்களோடு வேலை, வாய் திறக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்தால் மாடிப்படியில் அக்கா காத்திருந்தார். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்லும் வேலை அவருக்கு. வீட்டிலும் அந்த ஒலிபெருக்கி அணைவதில்லை.

"வீடியோ கேம் கடையில ஜோடிப் போட்டி வைக்கிறாங்களாம். மூணு சனிக்கிழமை. அதுல தேறினா பெரிய போட்டி. நம்ம ரெண்டு பேர் பேரையும் கொடுத்துட்டேன்!"

"என்னை ஒரு வார்த்தை க்... க்..."

"கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்ல, நான் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

நான் சொல்ல வந்தது: கேட்டிருக்கலாமே.

மார்ச் 5, வியாழன்

குளிர் காலத்தில் அக்கா கணுக்கால் சுளுக்கிப் படுத்திருந்தபோது, பொழுது போகட்டும் என்று என் விளையாட்டுக் கருவியைக் கொடுத்தது நான்தான். கால் சரியாகிவிட்டது, கைதான் சரியாகவில்லை. சொந்தமாகவே ஒன்று வாங்கிவிட்டார்.

இன்று என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதுவாக இருந்தாலும் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தாக வேண்டும். "இந்தத் தொந்தி வச்ச பல்லிதான் உன் பெரிய ஆளா?"

பல்லி இல்லை, டிராகன். பெயர் உருளை. கிழங்கு மாதிரி இருப்பதால் மட்டும் அந்தப் பெயர் இல்லை – 'உ' எனக்குத் திக்காது. க, த, ப மூன்றும்தான் என் ஜென்ம விரோதிகள்.

அவருக்கு விளக்கினேன். ஒவ்வொரு சுற்றிலும் நம் மிருகம் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எதிராளியும் தேர்ந்தெடுப்பான். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். உருளை மகா மந்தம். ஆனால் அதற்குத் 'தோலுரி' என்று ஒரு வித்தை உண்டு. ஒரு சுற்று சும்மா இருந்து தோலை உரித்தால் முன்னைவிட வேகம், முன்னைவிடப் பலம். இரண்டு முறை உரித்துவிட்டால் அதை நிறுத்த ஆளில்லை. சிக்கல் என்னவென்றால், உரிக்கிற நேரத்தில் உடம்பு பச்சைப் புண். பனிநரி ஒரு ஊது ஊதினால் காலி. பனிநரி வைத்துக்கொள்ளாதவர் யாருமே கிடையாது. அதனாலேயே டிராகனை யாரும் போட்டிக்குக் கொண்டு வருவதில்லை.

"அப்ப உரிக்கிறவரைக்கும் யாராவது முன்னாடி நின்னு அடி வாங்கணும்," என்றார்.

அதற்குத்தான் அக்காவின் ஆமை. 'கவசம்' போட்டால் வருகிற அடி எல்லாம் ஆமை ஓட்டில் விழும். அக்கா அதற்கு 'சூப்பர்வைசர்' என்று பெயர் வைத்திருக்கிறார். தங்கள் நிலையத்து சூப்பர்வைசரும் இப்படித்தான், உட்கார்ந்த இடத்தை விட்டு நகரமாட்டார் என்கிறார்.

விளக்கி முடிக்க நிறைய நேரமாயிற்று. அவர் அவசரப்படவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் அப்படித்தான்.

மார்ச் 7, சனி

தோற்றோம்.

தோற்றதில் வருத்தம் இல்லை. இல்லை, இருக்கிறது. தோற்ற விதத்தில்தான் வருத்தம்.

கடையின் மேல்தளத்தில் நீள மேசைகள். ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு மிருகம், இருவரும் பேசிக்கொள்ளலாம். எதிரே பள்ளி வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும். அவர்களிடம் பனிநரி.

உருளை இறங்கியதும் வாத்தியார் சிரித்தார். "டிராகனா? பாத்து ரொம்ப நாளாச்சு!"

நான் அக்காவிடம் திரும்பி, "த்... த்..." என்றேன்.

"தாக்கு! சரி!" – அக்கா ஆமையைத் தாக்க அனுப்பிவிட்டார்.

நான் சொல்ல வந்தது தோலுரி. நான் தேர்ந்தெடுத்திருந்ததும் அதுதான். கவசம் இல்லாமல் நடுத்தெருவில் தோலை உரித்துக்கொண்டு நின்றது என் உருளை. நரி ஊதியது. அவ்வளவுதான்.

"தாக்குன்னு சொல்லிட்டு ஏன் தோலுரிச்சே?" என்று அக்கா கேட்டார். அத்தனை பேர் முன்னால். நிலையத்துக் குரலில்.

வரும் வழியெல்லாம் அழுகை அழுகையா வந்துச்சு. நான் எங்க தாக்குன்னு சொன்னேன்? எப்ப சொன்னேன்? என் வாய்க்குள்ள இருக்கிற வார்த்தையை இவங்க எப்படி எடுத்துக்கலாம்?

எங்கள் சமையலறைச் சுவர் பச்சை. பெயின்ட் கடையில் நான் சொல்ல வந்தது பழுப்பு. "ப்..." என்று ஆரம்பித்தேன், அக்கா பச்சை என்று முடித்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து பச்சைச் சுவருக்குள்தான் சமைக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் பேச்சில்லை. பேசாமல் இருப்பது எனக்கென்ன புதிதா?

மார்ச் 11, புதன்

சாயங்காலம் அக்கா இறங்கி வந்தார். முகத்தில் ஒரு கண்டுபிடிப்பு.

"நீ பேசவே வேணாம். ஒரு விரல் காட்டினா தோலுரி. ரெண்டு விரல்னா தாக்கு. எப்படி?"

நல்ல யோசனைதான். ஒரு நிமிஷம் எனக்கே நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் என்னவோ ஆகிவிட்டது – "வேண்டாம்" என்றேன்.

"ஏன்? ஈசியாத்தானே இருக்கு?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்றுதான் தெரியவில்லை. எத்தனையோ இடத்தில் நின்று நின்று, ஆனால் கடைசி வரை சொன்னேன். "எனக்குப் பேச வரும், அக்கா. கொஞ்சம் லேட்டா வரும். இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து என் பேச்சுல பாதி உங்களோடது. எனக்கு என்னோடது வேணும்."

அக்கா உட்கார்ந்துவிட்டார்.

"நீ திணர்றதைப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியலடி. உதவின்னு நினைச்சுத்தான்..."

"நீங்க வேற வார்த்தை சொன்னா நான் மறுபடி முதல்ல இருந்து வரணும். அதான் திணறல்."

அக்கா மெதுவாகச் சொன்னார்: "என் வேலையில ரெண்டு செகண்ட் சத்தம் நின்னா மேல இருந்து ஃபோன் வந்துடும். சும்மா இருக்கிறது எனக்குத் தெரியாத வேலை. கத்துக்கறேன்."

கிளம்பும்போது சுவரைப் பார்த்துவிட்டு, "இந்தப் பச்சை உனக்குப் பிடிச்சதுதானே?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு ஏன் என்று புரியவில்லை. சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

மார்ச் 14, சனி

அக்கா ஒரு தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தார். தாகத்துக்கு என்று நினைத்தேன். முதல் சுற்று ஆரம்பித்து நான் அவர் பக்கம் திரும்பியதும் ஒரு மடக்குக் குடித்தார். விழுங்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு, கண்ணை உருட்டி, "சொல்லு" என்பது போல் தலையை ஆட்டினார்.

"த்... த்... தோ..."

கன்னம் அப்படியே இருந்தது.

"...தோலுரி."

கவசம் விழுந்தது. உருளை உரித்தது. மறுபடி கவசம். மறுபடி உரித்தது. அதற்குப் பிறகு நடந்ததை எழுத வேண்டுமா? எழுதுகிறேன், எனக்கு ஆசையாக இருக்கிறது. எதிர் ஜோடியின் இரண்டு மிருகமும் ஒரே வீச்சில் விழுந்தன. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

கடைக்காரர் தனியாக என்னிடம் கேட்டார்: "அந்தம்மா ஏன் வாய்ல தண்ணியோடவே இருக்காங்க? பல்லு வலியா?"

ஆமாம் என்றேன். பல் செய்கிறவள் சொன்னதால் நம்பிவிட்டார்.

மார்ச் 21, சனி

தேறிவிட்டோம்! மூன்று வாரமும் சேர்த்து இரண்டாம் இடம். பெரிய போட்டிக்கு இரண்டு ஜோடி போகலாம். இன்னொரு ஜோடி வாத்தியாரும் மனைவியும்.

மார்ச் 29, ஞாயிறு

பயிற்சி. நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா விக்கி, என் சோபா முழுக்கத் தண்ணீர். பெரியவர் – அக்காவின் வீட்டுக்காரர் – எட்டிப் பார்த்து, "இவ பேசாம இருக்கணும்னா வாயை அடைக்கணும்னு இவ்வளவு நாள் எனக்குத் தோணலையே!" என்றார். அக்கா மீதித் தண்ணீரை அவர்மேல் துப்பினார்.

என் வீட்டுக்காரர் சோபாவை வெயிலில் போட்டுத் தந்தார்.

ஏப்ரல் 11, சனி

எங்கிருந்து ஆரம்பிப்பது?

உள்விளையாட்டு அரங்கம். பெரிய திரை, நிறைய நாற்காலி, ஏகப்பட்ட பனிநரி. எங்கள் ஆண்கள் இருவரும் மேல்வரிசையில். முதல் இரண்டு ஆட்டமும் சுலபமாகப் போயின. டிராகனை எப்படி எதிர்ப்பது என்பதே மறந்துபோன ஊராக இருந்தது.

மூன்றாவதுதான். ஒரு மருந்துக்கடைக்காரரும் அவருடைய மச்சானும். எங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். பெரிய போட்டியில் ஆளுக்கு இரண்டு மிருகம்; எங்கள் இரண்டாவது மிருகங்களை முதலிலேயே வீழ்த்திவிட்டார்கள். பதிலுக்கு நாங்களும் இரண்டை எடுத்தோம். கடைசியில் இங்கே உருளையும் சூப்பர்வைசரும். அங்கே பனிநரியும் ஒரு கல்மாடும். உருளை ஒரு முறை உரித்திருந்தது.

எல்லாரும் எதிர்பார்ப்பது: ஆமை கவசம் போடும், உருளை இரண்டாவது முறை உரிக்கும்.

மருந்துக்கடைக்காரர் முகத்தைப் பார்த்தேன். நிதானமாக இருந்தார். கவசம் வரும் என்று தெரிந்தவர் எதற்கு ஊதி வீணாக்குவார்? ஊதமாட்டார். நரியை ஊளையிட வைப்பார். ஊளையிட்டால் அடுத்த சுற்றில் அதன் பலம் இரட்டிப்பு, கவசத்தையே உடைத்துவிடும். அப்படியென்றால் நரி அடிக்காத சுற்று இது ஒன்றுதான். இப்போதே இரண்டு பேரும் அதன்மேல் பாய வேண்டும். நான் நினைத்தது தப்பாக இருந்தால் உருளை காலி, ஆட்டமும் காலி.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டார்.

"க்... க்... க்..."

அவருக்குத் தெரியும் நான் கவசம் என்று சொல்லப் போகிறேன் என்று. வேறு என்ன இருக்கிறது சொல்ல? விரல் கவசப் பொத்தானுக்கு மேலேயே இருந்தது.

"க்... கவ... கவசம்..."

அவ்வளவுதான், சொல்லியாயிற்று. யாராக இருந்தாலும் அழுத்தியிருப்பார்கள். நானே அழுத்தியிருப்பேன். கடிகாரம் சிவப்பாக மாறியது. அக்காவின் கண்ணில் நீர் கட்டியிருந்தது. அழுத்தவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"...வேணாம். நரியை அடிங்க."

அடித்தோம்.

திரையில் நரி கழுத்தை நீட்டி ஊளையிட ஆரம்பித்தது. அது முடிப்பதற்குள் உருளை மேலே விழுந்தது. பின்னாலேயே ஆமை, சாவகாசமாக, நாற்காலியை விட்டு எழுந்த சூப்பர்வைசர் மாதிரி. நரி போயிற்று. தனியாக நின்ற கல்மாட்டுக்கு எதிரே உருளை நிதானமாக இரண்டாம் தோலை உரித்தது.

அக்கா தண்ணீரை விழுங்கிவிட்டு எழுந்து நின்று அறிவித்தார். ஆமாம், அறிவித்தார் – அரங்கம் முழுக்கக் கேட்டது. "வேணாம்னு சொன்னா! கேட்டீங்களா? வேணாம்னு சொன்னா!"

மருந்துக்கடைக்காரர் எழுந்து வந்து கை கொடுத்தார். "நீங்க கவசம்னு சொன்னது எனக்கே கேட்டுது. அதை நம்பித்தான் ஊளையை அழுத்தினேன்," என்றார்.

அடுத்த ஆட்டத்தில் தோற்றோம். இரட்டைச் சகோதரிகள், மின்னல் வேகம். உருளைக்கு ஒரு தோல்கூட உரிக்க நேரம் கிடைக்கவில்லை. அதற்கு என்ன செய்ய முடியும்? அவர்கள் கெட்டிக்காரர்கள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

தூங்கினேன். எழுந்தேன். மறுபடி தூங்கினேன். சுகம்.

மே 2, சனி

கடைக்குப் போனால் மேசைக்கு மேசை டிராகன். வாத்தியாரும் ஒன்று வளர்த்துக்கொண்டிருக்கிறார். எங்களை எங்கள் வித்தையாலேயே அடித்துவிட்டு, வெட்கமே இல்லாமல் என்னிடமே சந்தேகம் கேட்டார். ஆமை அல்லாமல் வேறு எதை முன்னால் நிறுத்தலாம், எப்போது உரிக்கக் கூடாது... சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டார். முடிக்கும்போது டீ ஆறிவிட்டது.

வழியில் அக்கா கேட்டார்: "ஏன் எல்லா ரகசியத்தையும் சொல்லிக் கொடுத்தே?"

தெரியவில்லை. பேசப் பிடித்திருந்தது.

மே 10, ஞாயிறு

மதியம் எல்லாரும் மாடியில் சாப்பிட்டோம். அடுத்த பருவப் போட்டிகளுக்கு விதி மாறுகிறதாம். தோலுரித்தால் இனி பாதிப் பலம்தான் கூடுமாம். அக்கா நாள் முழுக்க அதே புலம்பல்.

பெரியவர் கேட்டார்: "அப்ப அடுத்த தடவையும் அந்த உருளையேதானா? இல்ல நீயும் நரிக்கு மாறிடுவியா?"

நான் வாயைத் திறந்தேன். "க்... க்..."

பெரியவர், "கண்டிப்பா..." என்று ஆரம்பித்தார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் நிறுத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். அக்கா வாயில் ஒன்றும் இல்லை. சும்மா, வெறும் வாயோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ பெரிய தீர்ப்பு வரப்போவது போல மேசையே அமைதியாக இருந்தது.

"க்... கரண்டியை இந்தப் பக்கம் தள்ளுங்க."

முதலில் சிரித்தது அக்காதான். பெரியவருக்குப் புரையேறிவிட்டது.

கரண்டி வந்தது. பரிமாறிக்கொண்டேன். சிரிப்பு அடங்கியதும் சொன்னேன், உருளைதான் என்று.